நீலகிரி மலை ரயில் ஏன் மழைக்கு நிற்கிறது? வருஷம் முழுக்க அதற்கு என்ன வேலை?

"மேட்டுப்பாளையத்தில் இருந்து காலையில் ஒரே ஒரு வண்டி. அதையும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாரக்கணக்கில் ரத்து செய்துவிடுகிறார்கள். வருஷம் முழுக்க இந்த வண்டிக்கு அப்படி என்னதான் வேலை பார்க்கிறார்கள்? பேசாமல் டீசல் இன்ஜின் போட்டு ஓட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்க வருவது ஒன்றுதான்: வண்டி நிற்பதற்குக் காரணம் இன்ஜினின் வயசா, ஆட்களின் மெத்தனமா? இரண்டும் இல்லை. பெரும்பாலான ரத்துகளுக்குக் காரணம் பாதைக்கு மேலே இருக்கும் சரிவு. இன்ஜின் அன்றைக்கு ஷெட்டில் நீராவியோடு தயாராகவே நின்றிருக்கும். நான் பாய்லர் பராமரிப்புப் பக்கத்து ஆள். அதனால் இன்ஜின் பற்றி உறுதியாகவும், மண்சரிவு பற்றிப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கு மட்டுமும் சொல்கிறேன்.

டீசல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை பாதை 46 கி.மீ. அதில் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான சுமார் 19 கி.மீ. தான் பல் தண்டவாளம் பதித்த பகுதி. அங்கே ஏற்றம் மிகச் செங்குத்தான இடத்தில் 12.28க்கு 1, அதாவது 12.28 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். இந்த எண்ணின் பொருளை ஒரு கணக்கில் பாருங்கள். 50 டன் எடையுள்ள இன்ஜின் ஒன்றை அந்தச் சரிவில் நிறுத்தினால், அதன் சொந்த எடையே அதைச் சுமார் 4 டன் விசையோடு கீழே இழுக்கும். ஈரமான தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிமானம் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும், அதாவது 5 டன். மிஞ்சுவது ஒரு டன். அதை வைத்து ஒரு பெட்டியைத் தள்ளுவதே சந்தேகம், மூன்று நான்கு பெட்டிகளுக்கு எங்கே போவது? ஏறுவதாவது பரவாயில்லை, இறங்கும்போது பிடிமானம் போனால் நிறுத்த வழியே கிடையாது. அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றைவிடச் சற்று உயரமாக, பல் வெட்டிய இரண்டு பட்டைகளை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அரைப் பல் தள்ளிப் பதித்திருப்பதால், இன்ஜினின் பினியன் என்னும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியே இருக்கும். சாதாரண மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) டீசல் இன்ஜினில் இந்தப் பினியன் கிடையாது. குன்னூருக்கு மேலே ஏற்றம் ஏறக்குறைய 25க்கு 1 என்று தணிந்துவிடுகிறது, பல் தண்டவாளமும் இல்லை. அங்கே டீசல்தான் ஓடுகிறது. ஆக, டீசல் போடக்கூடிய இடத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று. கீழ்ப் பகுதிக்குப் பல்சக்கரம் வைத்த டீசலைத் தனியாக வடிவமைத்துச் செய்யலாம், தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை இல்லை. ஆனால் செய்தாலும் நவம்பர் ரத்துகள் ஒன்றுகூடக் குறையாது.

நீராவி இன்ஜினின் அமைப்பையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் பராமரிப்பு அதை ஒட்டியது. இப்பாதையில் ஓடும் எக்ஸ் வகை இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் எஸ்.எல்.எம். நிறுவனம் வடிவமைத்தவை, முதலாவது 1914இல் வந்தது. இதற்கு நான்கு சிலிண்டர்கள். கீழ் ஜோடி சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும், மேல் ஜோடி பல்சக்கரத்தைச் சுற்றும். கல்லாறு வரை கீழ் ஜோடிக்கு மட்டும் வேலை. அங்கே பல் பட்டையின் ஆரம்பத் துண்டு ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும். வண்டி நடைவேகத்துக்கும் குறைவாக வந்து ஏறும், பினியன் பல்லைக் கவ்வியதும் டிரைவர் வால்வைத் திருப்புவார். கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குள் போய் இரண்டாவது முறை வேலை செய்யும். ஈரத்தில் கீழ்ச் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் அந்த நீராவியும் கூடுதலாக மேலே போய்ப் பல்சக்கரத்துக்குப் பலம் சேர்க்கும். அந்த எதிரழுத்தத்தில் வழுக்கலும் தானே அடங்கும். எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லாமல் இதைச் சாதித்த ஆட்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனி வருஷத்துக்கு வருவோம். காலண்டர் ஜனவரியில் தொடங்கினாலும் இந்தப் பாதைக்கு வருஷம் பிறப்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில். அப்போது முதல் வேலை மழை விட்டுப்போன சேதாரத்தைக் கணக்கெடுப்பது. 250 பாலங்கள், 16 குகைப் பாதைகள், 208 வளைவுகள் உள்ள பாதை இது. பாலத்தின் அடியில் ஓடை எதையாவது அரித்திருக்கிறதா, மதகுக்குள் கல்லும் மரமும் அடைத்திருக்கிறதா, தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நீர்த்துளை உலர்ந்திருப்பது நல்ல அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்குப் பிறகும் அது உலர்ந்தே இருந்தால் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது என்று பொருள். தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கும், அடுத்த மழைக்குச் சுவரோடு வந்துவிடும். பல் பட்டைகளை ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பதும் இந்தச் சமயத்தில் வசதி. தேய்மானம் பல்லின் ஒரு பக்கத்தில்தான் அதிகம் விழும், ஏனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி பல்லின் அதே முகத்தில்தான் சாய்ந்திருக்கிறது. இன்னொரு தொல்லை, பிரேக் விசையிலும் சொந்த எடையிலும் தண்டவாளம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மலையிறங்கப் பார்க்கும். இணைப்புகளில் ஒரு பக்கம் இடைவெளி அகலமாகவும் அடுத்ததில் முட்டிக்கொண்டும் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சாதாரணப் பாதையில் பொறுத்துக்கொள்ளலாம், பல் பாதையில் இணைப்பு விலகினால் பல்லின் இடைவெளி மாறி பினியன் 'டொக்'கென்று இடிக்கும்.

பாய்லருக்கு மாதம் என்றெல்லாம் கிடையாது, வருஷம் முழுக்க ஒரே பாடு. நீராவியாகப் போவது தூய தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்த உப்பும் கலந்திருந்த மண்ணும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் சாதாரணமாகப் பதினைந்து நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை வாஷ் அவுட், அதாவது பாய்லரின் உள்ளே கழுவுதல், செய்தாக வேண்டும். நெருப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கவிட்டு, முழுதாக ஆறிய பிறகே தண்ணீரை வடிப்பது முறை. அவசரத்துக்குச் சூடான பாய்லரில் பச்சைத் தண்ணீரை விட்டால் செப்பும் எஃகும் ஒரே அளவில் சுருங்காது, உள் தகட்டையும் வெளித் தகட்டையும் இணைத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் விரிசல் விடும், குழாய் முனைகள் ஒழுகத் தொடங்கும். ஆறியதும் மூலைகளில் உள்ள வாஷ் அவுட் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்சி, கம்பியால் குத்தி, நெருப்பு எரியும் அறையான ஃபயர் பாக்ஸைச் சுற்றியுள்ள ஒடுக்கமான இடத்தில் படிந்த சேற்றையும் சுண்ணப் படிவையும் வெளியே எடுப்பார்கள். மேலிருந்து தண்ணீர் விட்டால் கீழே தெளிவாக வரும் வரை. பிறகு ஒவ்வொரு துளையிலும் விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளிவாக வந்தாலே சுத்தம் என்று அர்த்தமில்லை, கெட்டிப்பட்ட படிவு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் தகட்டின் சூடு தண்ணீருக்குப் போகாது, தகடு பழுத்து மெலியும்.

ஃபயர் பாக்ஸின் கூரைத் தகட்டில் ஈயம் உருக்கி ஊற்றிய பிளக் ஒன்று இருக்கும். தண்ணீர் மட்டம் கூரைக்குக் கீழே போனால் தகடு சூடேறி, 327 டிகிரி வாக்கில் ஈயம் உருகி, நீராவி உள்ளே பீய்ச்சி எச்சரிக்கும். இந்தப் பிளக்கை வாஷ் அவுட்டின்போது பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவார்கள். மலைப் பாதையில் இதற்கு முக்கியத்துவம் அதிகம். 12க்கு 1 சரிவில் 4 மீட்டர் நீளப் பாய்லரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தண்ணீர் மட்டம் 33 செ.மீ. வித்தியாசப்படும். சரிவு மாறும் இடங்களில் கேஜ் கண்ணாடியில் தெரியும் மட்டம் ஒரு நிமிஷத்தில் இறங்கும் அல்லது ஏறும், தண்ணீர் என்னவோ அதே அளவுதான். கண்ணாடியின் வழி அடைபட்டிருந்தால் அது பொய் மட்டம் காட்டும் என்பதால் கிளம்பும் முன் கீழ்க் குழாயைத் திறந்து ஊதிவிட்டு மூடிப் பார்ப்பார்கள். தண்ணீர் விசுக்கென்று மேலே குதித்து வர வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால் அன்றைக்கு அந்த இன்ஜின் வெளியே போகக் கூடாது.

பிப்ரவரி, மார்ச்சில் மலை காய்ந்துவிடும். இந்தச் சமயத்துத் தலைவலி நெருப்பு. நிலக்கரி இன்ஜினின் புகைபோக்கியில் இருந்து வரும் பொறி சருகில் விழுந்தால் காடு பற்றும். எண்ணெயில் எரிக்கும் இன்ஜின்களைக் கொண்டுவந்ததற்கு இது ஒரு காரணம். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், ஏற்றத்தில் கரி வாரிப்போடும் ஃபயர்மேனின் முதுகு ஒடியும் என்பவை மற்ற காரணங்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014க்குள் நான்கு புது எண்ணெய் இன்ஜின்களைச் செய்து அனுப்பியது. அதே பணிமனையில் இருந்து பின்னாட்களில் நிலக்கரியில் ஓடும் புது இன்ஜினும் வந்தது. எது மேல் என்பதில் இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை. எண்ணெயில் பொறி இல்லை, தீயை நொடியில் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் சுவாலை ஒரே இடத்தில் அறைவதால் உள்ளே செங்கல் பூச்சு சரியாக இல்லாவிட்டால் தகடு சீக்கிரம் கெடும், காற்றும் எண்ணெயும் பொருந்தாவிட்டால் கரும்புகை. என் கணிப்பில் காட்டுப் பகுதிக்கு எண்ணெய்தான் பொருத்தம். நீராவி ரசிகர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

ஏப்ரல், மே கோடை சீசன். கூட்டம், சிறப்பு வண்டிகள், டிக்கெட் சண்டை, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இன்ஜின் பக்கம் ஒரு விஷயம் மட்டும்: மேட்டுப்பாளையம் வெயிலில் இன்ஜின் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும். பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர், நீராவியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒடுக்கித்தான் வேலை செய்கிறது. தண்ணீரே சூடாக இருந்தால் பிடிக்காமல் வெளியே துப்பும். வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் வண்டி நின்று தண்ணீர் பிடிப்பதைப் படம் எடுக்கிறவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தை வீண் தாமதம் என்று எழுதுகிறார்கள். அந்த மலைத் தண்ணீர் இல்லாமல் குன்னூர் வரை போக முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது. அந்த மழை மேற்கில் இருந்து வருவதால் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் கொட்டும். குன்னூர் முதல் மேட்டுப்பாளையம் வரையிலான கிழக்குச் சரிவு மழை மறைவில் இருப்பதால் அவ்வளவாக நனையாது. கேரளத்தில் வெள்ளம் என்று செய்தி வரும் நாளில்கூடப் பல் தண்டவாளப் பகுதி பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜின்களைப் பெரிய பழுதுபார்ப்புக்கு அனுப்ப இது தோதான காலம். இந்த மீட்டர் கேஜ் பாதைக்கு வெளி ரயில் பாதைகளோடு தொடர்பு இல்லாததால் பொன்மலைக்குப் போகும் இன்ஜின் டிரெய்லர் லாரியில் ஏறி சாலை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பாய்லரைச் சட்டத்தில் இருந்து தூக்கி, குழாய்களை உருவி, ஸ்டே ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி ஒலி பார்ப்பார்கள். முழு ஸ்டே கணீரென்று கேட்கும், முறிந்தது மந்தமாக ஒலிக்கும். கடைசியில் வேலை அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் குளிர்ந்த தண்ணீரை ஏற்றிச் சோதனை. இந்த இன்ஜின்களுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது, வரைபடத்தை வைத்து வார்த்துக் கடைந்துதான் செய்ய வேண்டும். ஒரு பினியனுக்கோ சிலிண்டருக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அது வங்கக் கடலில் இருந்து வந்து கிழக்குச் சரிவில் நேராக அறைகிறது. நீலகிரியின் அடிப்பாறை சார்னகைட் என்னும் மிகக் கடினமான பாறை. ஆனால் அதன் மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து மக்கிய செம்மண், அந்த மண்ணுக்குள் சிதையாத உருண்டைப் பாறைகள் அங்கங்கே கேழ்வரகுக் களியில் உருண்டைக் கட்டி மாதிரி புதைந்து கிடக்கும். மழை தொடர்ந்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறி உராய்வு குறையும், பிடி விட்டதும் மண் சரியும், பாறை உருளும். பாதைக்காகவும் சாலைக்காகவும் சரிவின் அடியை வெட்டியிருப்பது இதை இன்னும் சுலபமாக்குகிறது. 2009 நவம்பர் 10 அன்று, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மாதம் மாவட்டமே நிலைகுலைந்தது, பாதை பல இடங்களில் புதைந்தும் அரிக்கப்பட்டும் போய் மலை ரயில் மாதக்கணக்கில் நின்றது. 2023 நவம்பரிலும் மண்சரிவால் ரத்துகள் வந்தன. எந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடத்தில் குறித்துவிடலாம், அது உறுதியான அறிவு. எந்த நாளில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய சில நாட்களில் பெய்த மொத்த மழையை வைத்து எச்சரிக்கை அளவு நிர்ணயிக்கலாம், அதுவும் உத்தேசம்தான்.

"சின்னக் கல் விழுந்ததற்கெல்லாமா வண்டியை நிறுத்துவது?" என்ற கோபம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. சமவெளிப் பாதையில் முஷ்டி அளவு கல்லை இன்ஜின் தட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அந்தக் கல் பல் பட்டையின் பள்ளத்தில் உட்கார்ந்தால் பினியன் அதன் மேல் ஏறும், பல் பிடி விடும், அல்லது பல் ஒடியும். மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. அதனால் முன்னால் பாதையைப் பார்ப்பது டிரைவர் அல்ல, முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். அவர் பார்த்து, கொடி காட்டி, டிரைவர் நீராவியை மூடி, ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கைப் பிரேக்கைச் சுற்ற வேண்டும். பெட்டிக்குச் சாதாரணச் சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல்லோடு இணைந்த சக்கரத்துக்குத் தனியாக ஒன்று. இவ்வளவும் நடந்து முடியும் தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் பல் பகுதியில் வேகம் மணிக்கு 13 கி.மீ. மூடுபனியில் முன்னால் இருப்பது தெரியாவிட்டால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். ஆகவே மழை நாட்களில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் பாதையைப் பார்த்துச் சரி என்ற பிறகே வண்டி. சரியில்லை என்றால் ரத்து. ரத்து செய்கிறவர்களைத் திட்டாதீர்கள், அது சரியான முடிவு.

என் குறை வேறு இடத்தில். ஸ்விட்சர்லாந்தின் பிரியென்ஸ் ரோத்ஹார்ன் பாதையும் பல் தண்டவாள நீராவிப் பாதைதான். எண்ணெயில் எரியும் புது நீராவி இன்ஜின்களை அவர்கள் 1990களிலேயே இறக்கிவிட்டார்கள். ஆனாலும் பனிக்காலம் முழுக்கப் பாதையை மூடி, எல்லாப் பழுதுபார்ப்பையும் அப்போது முடிக்கிறார்கள். நம் பாதைக்கு அப்படி மூடும் காலமே இல்லை. வருஷம் முழுக்க டிக்கெட் திறந்திருக்கும், நவம்பரில் மலை தன் இஷ்டத்துக்கு மூடும். அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை கல்லாறு–குன்னூர் பகுதியை முன்கூட்டியே அறிவித்து மூடிவிட்டு, அந்தப் பணத்தையும் ஆட்களையும் வடிகால் தூர்வாருவதிலும் நீர்த்துளை திறப்பதிலும் போட்டால் இந்தச் சேவை இப்போதைவிட நம்பகமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தீபாவளி விடுமுறைக் கூட்டம் இழக்கப்படும் என்பது எதிர்வாதம், அதிலும் நியாயம் உண்டு. மழையில் வேலை செய்யும் ஆட்களின் பாதுகாப்பு அதைவிட வலுவான எதிர்வாதம். அதனால் தூர்வாரலை மட்டும் செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். புது இன்ஜின் வந்தால் பத்திரிகையில் படம் வருகிறது. மதகு தூர்வாரினால் யாரும் படம் எடுப்பதில்லை.

நீங்கள் பயணம் திட்டமிடுகிறீர்கள் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள். மழை குறைவு, பாதை சீர்செய்யப்பட்டிருக்கும், கோடைக் கூட்டமும் இருக்காது. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டிக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். நவம்பரில்தான் போக முடியும் என்றால் திரும்பும் டிக்கெட்டை மலை ரயிலை நம்பிப் போடாதீர்கள், பஸ்ஸையும் கணக்கில் வையுங்கள். கீழ்ப் பகுதி ரத்தான நாட்களிலும் குன்னூர்–ஊட்டி வண்டிகள் பல சமயம் ஓடும். அது டீசல்தான். நீராவிக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்கே டிக்கெட் எடுத்து, குன்னூரில் இறங்கிக்கொண்டால் போதும்.